கூடு விட்டுக் கூடு

நாமக்கல்லில் சேஸ் வாங்கி வந்து அதன்மேல் பாடி கட்டுவார்கள். அதுதான் உலக வழக்கம் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்பா முப்பது வருஷம் லாரிப் பட்டறையில் கேபின் கட்டியவர். ஜாம்ஷெட்பூரிலிருந்து வண்டி மொட்டைச் சேஸாக வரும். கூரை கிடையாது, கதவு கிடையாது. ஒரு பலகை சீட்டில், தலையில் துண்டைச் சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு டிரைவர் ஒரிசா, ஆந்திரா எல்லாம் தாண்டி ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார். இறங்கியதும் இரண்டு சொம்பு தண்ணீர் குடிப்பார். மூன்றாவது சொம்பில்தான் முகம் கழுவுவார், அப்போதுதான் ஆள் யாரென்று தெரியும்.

அதனால் மிச்சிகனிலிருந்து வாட்ஸ்அப்பில், “வண்டி வாங்கிட்டனுங்கப்பா. பாடி இருக்குது, சேஸ்தான் பாக்கோணும்” என்று நான் சொன்னபோது, திரையில் அப்பாவின் முகம் உறைந்துவிட்டது. நெட் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை.

“பந்தலைப் போட்டுட்டுப் பொண்ணு தேடறியா கண்ணு?” என்றார்.

வண்டி 1950-ஆம் வருஷத்து ஃபோர்டு எஃப்-1 பிக்கப். இன்றைக்கு அமெரிக்காவில் திரும்பின பக்கமெல்லாம் நிற்கிற எஃப் வரிசை வண்டிகளுக்கெல்லாம் பாட்டன். 1948-இல் பிறந்து, 1952 வரை இந்தப் பெயரில் வந்தது. இதன் கேபினை ‘மில்லியன் டாலர் கேபின்’ என்று சொல்லித்தான் ஃபோர்டு விளம்பரம் செய்தது. என் கேபினில் எலிக்கூடு மூன்று இருந்தன. சீட்டுப் பஞ்சை எடுத்து அதைக் கட்டிய எலிகளும் பெரிய செலவாளிகளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கேபினைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் சேஸ் முழுக்கத் துரு. இங்கே அதற்கு ஒரு காரணம் உண்டு. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கம் இருக்கிறது. மேலே காரைச் செய்கிறார்கள், கீழே உப்பை வெட்டுகிறார்கள். பனிக்காலத்தில் அந்த உப்பைச் சாலையில் கொட்டினால் பனி உருகும், காரும் உருகும். அப்புறம் புதுக் கார் வாங்க வேண்டும். இதை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யவில்லை என்றே நம்ப விரும்புகிறேன்.

சேஸ் மாற்றுவதென்று பேச்சு எழுந்ததும் தெருவில் ஆளாளுக்கு ஒரு யோசனை வந்தது. புதிதாகவே செய்துகொடுக்கும் கம்பெனிகள் உண்டு. அழகான வேலை. விலை ஐந்து இலக்கம், அதுவும் டாலரில். அந்தப் பேச்சை அன்றைக்கே முடித்துக்கொண்டோம்.

அடுத்தது ஷெவர்லே எஸ்-10 சேஸ். பழைய பிக்கப் வைத்திருக்கும் பாதிப் பேர் இதைத்தான் அடியில் சொருகுகிறார்கள், மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் என் வண்டிக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 114 இஞ்ச். எஸ்-10-இல் ஒன்று 108.3, இன்னொன்று 117.9. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. வெட்டி ஒட்டலாம் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஃபோர்டுக்கு அடியில் ஷெவர்லேயா என்று கேட்டுவிட்டு, நான் கொடுத்த முறுக்கை அப்படியே தட்டில் திருப்பி வைத்தார். பங்காளிச் சண்டை பார்த்தவனுக்கு அந்தச் சைகையின் அர்த்தம் தெரியும்.

உண்மையில் என் மனசு போனது மூன்றாவதன்மேல்தான். ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. அமெரிக்கப் படங்களில் திருடனைத் துரத்திக்கொண்டு போகுமே, அந்தப் போலீஸ் கார். 2011-இல் நிறுத்திவிட்டார்கள். அதன் சக்கர இடைவெளி 114.7 இஞ்ச். என்னுடையதற்கும் அதற்கும் முக்கால் இஞ்ச்கூட வித்தியாசம் இல்லை. நல்ல ஸ்டியரிங், நான்கு பக்கமும் டிஸ்க் பிரேக், வி-8 இன்ஜின், எல்லாம் ஒரே செத்த காரில் கிடைக்கும். “0.7 தான் வித்தியாசம்” என்று மனைவியிடம் சொன்னேன்.

“ஏங்க, பத்துக்கு எத்தனை பொருத்தம்னு சொல்லுங்க” என்றாள்.

அங்கேதான் இடித்தது. என் வண்டியின் சேஸ் ஏணி மாதிரி. இரண்டு நீளச் சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள், எல்லாம் ரிவெட் அடித்தது. போலீஸ் காரின் சேஸோ ஆட்கள் உட்காரும் இடத்தைச் சுற்றிக்கொண்டு அகலமாகப் போகிறது. கேபின் உட்கார வேண்டிய இடத்தில் இரும்பே இருக்காது. தாங்கு கால் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். முன் சக்கரங்கள் மட்கார்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அதையும் மீறிச் செய்தவர்கள் ஏராளம். நானும் செய்திருப்பேன், வேதாளம் குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

சின்ன வயதில் கேட்ட கதை. வெட்டுப்பட்டுக் கிடக்கிற இரண்டு பேரின் தலைகளைப் பதற்றத்தில் மாற்றி ஒட்டிவிடுகிறாள் ஒருத்தி. கணவன் தலை ஓர் உடம்பில், கணவன் உடம்பு இன்னொரு தலையோடு. இப்போது யார் புருஷன் என்று கேட்கிறது வேதாளம். தலைதான் பிரதானம் என்கிறான் விக்கிரமாதித்தன். நல்ல வேளை, அவன் வாகனப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்க்கவில்லை. எஃப்-1 வண்டிக்கு எண் பொறித்திருப்பது சேஸில். கிளவ் பாக்ஸ் கதவில் ஒரு தகடு உண்டு, ஆனால் அது விசிட்டிங் கார்டு மாதிரிதான். மில்லியன் டாலர் தலையைக் கொண்டுபோய்ப் போலீஸ் கார் உடம்பில் வைத்தால், காகிதத்தில் அது பிக்கப்பா, போலீஸ் காரா? இரவெல்லாம் யோசித்தேன்.

மறுநாள் அப்பா கூப்பிட்டார். “பழைய சேஸை மொதல்ல தட்டிப் பாத்தியா?”

“துருவா இருக்குதுங்கப்பா.”

“துரு எல்லாத்துலயுந்தான் இருக்கும். சுத்தி எடு.”

கராஜில் செல்லைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, சட்டத்தின் ஒரு முனையிலிருந்து ஓர் அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போனேன். ணங், ணங், ணங். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் மட்டும் ‘தொப்’ என்றது. “அதை மாத்து. மிச்சம் கல்லுக் கணக்கா இருக்குது” என்றார் எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து. “நீளச் சட்டத்துல ஓட்டை போடாத, பத்த வெக்காத. நாங்க எத்தனை டன் பாடி வெச்சாலும் யூ போல்ட்டுலதான் கட்டுவோம்.” அப்புறம், “மூலைக்கு மூலை நூல் புடி” என்றார்.

நூல் இருந்தது, தூக்குக் குண்டு இல்லை. தேடியதில் குத்துவிளக்கின் தலை கழன்று வருமென்பது ஞாபகம் வந்தது. தலைகீழாகக் கட்டினால் அதன் கூர் சரியாகத் தரையைக் காட்டுகிறது. பித்தளை, நல்ல கனம். நான்கு புள்ளி குறித்துச் சாக்பீஸால் கோடு போட்டு அளந்தால் இரண்டு இஞ்ச் கோணல். உட்கார்ந்துவிட்டேன். அரைமணி கழித்துத்தான் பார்த்தேன், ஒரு முனையில் நூலைக் கட்டியிருந்தது ஆலை போட்ட ஓட்டையில் இல்லை, பிற்காலத்தில் எவனோ கொக்கி மாட்டப் போட்ட ஓட்டையில். மாற்றிக் கட்டினேன். எட்டில் ஒரு பங்கு இஞ்ச். எழுபது வருஷத்துக்கு அது ஒரு கோணலே இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பூஜை அறையிலிருந்து, “ஏங்க, விளக்குத் தலை எங்க?” என்று குரல் வந்தது. வேதாளத்தின் கேள்வியே தேவலை.

ஆக, பழைய சேஸேதான். ஊரார் யோசனை அத்தனையையும் தள்ளிவிட்டு, வண்டியை அதன் சொந்த உடம்போடேயே வாழ வைக்கப் போகிறேன் என்று பெரியவரிடம் கொஞ்சம் மிதப்பாகவே சொன்னேன். முறுக்கை எடுத்துக்கொண்டார். இரண்டு சனிக்கிழமை கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். வலப்பக்கச் சட்டத்தில் துருவுக்கு அடியிலிருந்து எண் மெல்ல எழுந்து வந்தது.

“சேஸ் பிரிண்ட் எடுத்து அனுப்பு” என்றார் அப்பா. ஊரில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எடுப்பது மாதிரி, எண்மேல் காகிதத்தை வைத்து என் மகளின் பென்சிலால் தேய்த்தேன். ஒவ்வோர் எழுத்தாக வெள்ளையாக விழுந்தது. போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, கையில் இருந்த பதிவுக் காகிதத்தோடு ஒப்பிட்டேன். மறுபடி ஒப்பிட்டேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை.

காகிதத்தில் இருந்த எண் வேறு. கிளவ் பாக்ஸ் தகட்டில் இருந்ததும் காகிதத்து எண்தான். எனக்கு முன்னாலேயே யாரோ ஒருவர், எந்தக் காலத்திலோ, இந்தக் கேபினுக்கு வேறொரு எஃப்-1 சேஸைத் தேடிப் பிடித்து மாட்டியிருக்கிறார். அவர் எந்த வேதாளத்துக்கும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. இந்த முறையும் நெட் போகவில்லை.

“சத்தம் நல்லாத்தானே இருந்துச்சு?” என்றார்.

“நல்லாத்தான் இருந்துச்சுங்கப்பா.”

“அப்பறம் என்ன. அந்தக் குறுக்குச் சட்டத்தை மாத்து மொதல்ல.”