தீர்மானம் முன்மொழிபவர்

தமிழ்நாட்டின் நீதிமன்ற வளாகங்களில் நடமாடும் வழக்கறிஞர், குமாஸ்தா, கட்சிக்காரர், பத்திர எழுத்தர் முதலிய பலருள் தனித்து ஆராயத்தக்கவர் ஒருவர் உண்டு. வழக்கறிஞர் சங்கத்தில் தீர்மானம் முன்மொழிபவரே அவர். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி தொழில் பதிவையும் ஒழுங்கு நடவடிக்கையையும் கவனிக்கும் பார் கவுன்சில் வேறு, அந்தந்த ஊர் நீதிமன்றத்தில் தொழில் செய்வோர் சந்தா கட்டித் தமக்குள் நடத்திக்கொள்ளும் சங்கம் வேறு. ஆயினும் காவிரி முதல் காசா வரை எந்தச் சிக்கலும் தம் சங்கத்தின் அதிகார வரம்பைத் தாண்டியதாக முன்மொழிபவர் கருதுவதில்லை.

அவருடைய கறுப்புக் கோட்டின் உட்பையில் நான்காக மடித்த தாள் ஒன்று எப்போதும் இருக்கும். 'இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது' என்பது வரை அதில் முன்கூட்டியே தட்டச்சாகியிருக்க, யாரை என்னும் இடம் மட்டும் கோடிட்டு விடப்பட்டிருக்கும். உரிமையியல் வழக்கில் ஒரு காற்புள்ளிக்காக அரைமணி நேரம் வாதாடும் அதே மனிதர், இங்கே இரு நாடுகளின் எல்லைத் தகராற்றைத் தேநீர் ஆறுவதற்குள் தீர்த்துவிடுவார். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாவதற்கு வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, வாசலில் நின்று வடை தின்பவர்களையும் சேர்த்தே எட்டப்படுகிறது. மறுத்துப் பேச நினைப்பவர், அடுத்த சங்கத் தேர்தலில் தாமும் வாக்குக் கேட்க வேண்டியிருப்பதை எண்ணிக் கைபேசியைப் பார்க்கத் தொடங்குவதால், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாக நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவாகிறது.

கண்டனத்தை அடுத்து வருவது நீதிமன்றப் புறக்கணிப்பு. வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்றும், அறிக்கை விடுதல், கைப்பட்டை அணிதல், வளாகத்துக்கு வெளியே அமைதியாக ஊர்வலம் போதல் போன்ற வழிகளில் எதிர்ப்பைக் காட்டலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டு ஹரீஷ் உப்பல் வழக்கில் தீர்ப்பளித்தது. நீதித்துறையின் மாண்பும் சுதந்திரமும் கேள்விக்குள்ளாகும் அரிதினும் அரிதான நேரத்தில் ஒரு நாளுக்கு மேற்படாத விலகலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அத்தீர்ப்பு இடமும் விட்டது. முன்மொழிபவருக்கு இத்தீர்ப்பு மனப்பாடம்; அந்த அரிதினும் அரிதான நேரம் அவருக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் வாய்க்கிறது. பாகப்பிரிவினை வழக்குக்காக முதல் பேருந்தில் வந்திறங்கிய முதியவர், "ஐயா, நம்ம கேசு என்னாச்சுங்க?" என்று கேட்டால், "நாட்டுக்காக ஒரு தீர்மானம் போட்டிருக்கோம் பெரியவரே, அடுத்த வாய்தாவுக்கு வாங்க" என்னும் விடை கிடைக்கும். வாய்தா என்பது வழக்கு ஒத்திவைக்கப்படும் மறுதேதி. கண்டிக்கப்பட்ட அரசுகள் அறியாத அத்தீர்மானத்தின் விளைவை முழுமையாக அறிபவர் அந்த முதியவர் ஒருவரே.

சங்கங்கள் பொதுப் பிரச்சினைகளில் வாய் திறக்கவே கூடாது என்பது இதன் பொருளன்று. இந்தியத் தண்டனைச் சட்டம் உள்ளிட்ட மூன்று பழைய சட்டங்களின் இடத்தில் 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் எழுப்பிய எதிர்ப்பு, அன்றாடம் அச்சட்டங்களோடு புழங்குவோரின் குரல் என்பதால் கேட்கத்தக்கதாயிற்று. ஆனால் அத்தகைய தீர்மானத்துக்குப் பழைய பிரிவையும் புதிய பிரிவையும் வரிவரியாக ஒப்பிட்டுப் படிக்க வேண்டியிருப்பதால், முன்மொழிபவர் அவ்வேலையை ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியுறவுத் துறைக்குத் திரும்பிவிடுகிறார்.

அந்த ஜூனியருக்கும் ஒரு கோரிக்கை உண்டு. இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்க வேண்டுமென மாநில பார் கவுன்சில் 2024ஆம் ஆண்டு சுற்றறிக்கை அனுப்பியது. அதை வரவேற்று இரண்டு வரித் தீர்மானம் போடலாமா என்பதே அவருடைய கேள்வி. உலகத் தலைவர்களை ஒரே மூச்சில் கண்டித்தவர் அதைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, இது மிகவும் சிக்கலான பொருள் என்றும், அவசரப்பட்டு நிலைப்பாடு எடுப்பது சங்கத்தின் மரபன்று என்றும் விளக்கி, ஆராய்ந்து அறிக்கை தரத் தம்முடைய தலைமையிலேயே துணைக்குழு ஒன்றை முன்மொழிகிறார். அதற்குக் காலவரம்பு ஏதும் விதிக்கப்படுவதில்லை.