மண்வெட்டிக்கு ஓய்வூதியம்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, வீட்டுக்குப் பின்னால் ரெண்டு சென்ட் களிமண் வைத்திருப்பவர்களுக்குத் தோட்டம் போடும் ஆசை வந்தால் முதலில் மண்வெட்டி வாங்குகிறார்கள். அடுத்த வாரம் இடுப்புக்குத் தைலம் வாங்குகிறார்கள். இரண்டுமே வீண்செலவு என்பது என் கட்சி. செம்மண் வாய்த்தவர்கள் கொத்திக்கொள்ளட்டும். களிமண்காரர்கள் மண்ணைக் கொத்தவே கூடாது. இது சோம்பேறியின் வாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் மண்ணும் சோம்பேறியின் பக்கமே சாட்சி சொல்கிறது.

களித்துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை வெயிலில் கருங்களித் தரை கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழுகிறது. ஐப்பசி மழையில் எல்லாம் உப்பி, அடிமண் மேலே நெட்டித் தள்ளப்படுகிறது. கூலி கேட்காமல், டீ வடை கேட்காமல், தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் இது. நாம் மழையில் கொத்தினால் மண்வெட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும்; வெட்டிய முகம் மெழுகியதுபோல் அடைபட்டு வேருக்கு வழிவிடாது. கோடையில் கொத்தினால் பாறை பாறையாகப் பெயரும். அதை உடைக்க இன்னோர் ஆள் வேண்டும். சரியான பதம் இருப்பது இடையில் சில நாள்தான். அந்த நாள்களில் சொந்தத்தில் கண்டிப்பாக ஒரு கல்யாணம் இருக்கும்.

ஆதாரம் கேட்பவர்கள் காவிரி டெல்டாவைப் பார்க்கலாம். அங்கே நெல் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் வீசிவிடுகிறார்கள். ஏர் இல்லை, கொத்து இல்லை. மிச்ச ஈரமும் பனியும் போதும். ஜப்பானில் ஃபுகுவோகா என்ற விவசாயியும் நிற்கும் நெல்லுக்குள் அடுத்த தானியத்தை விதைத்து, வைக்கோலை வயலிலேயே பரப்பி, 1975-ல் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ எழுதினார். உலகம் ஞானி என்றது. நம் உளுந்துக்காரருக்கு அந்தப் பட்டம் கிடைக்காததற்கு ஒரே காரணம், அவர் புத்தகம் எழுதவில்லை. மறுபக்கம், ஒரே ஆழத்தில் உழுதுகொண்டே இருந்தால் அடியில் கடினத்தட்டு உருவாகிறது. அதை உடைக்க மூன்றாண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பை ஓட்டச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். கடனை அடைக்க வாங்கிய கடன் மாதிரி, உழுததால் வந்த வினைக்கு இன்னோர் உழவு.

வள்ளுவரே உழச் சொன்னாரே என்பார்கள். ஒரு பலப் புழுதி கால் பலமாகக் காயும்படி உழுதால் பிடி எருவும் வேண்டாம் என்று 1037-ஆம் குறள் சொல்வது உண்மை. உழுவதைவிட எருவிடுதல் நல்லது என்று 1038 சொல்வதும் உண்மை. எதிர்க்கட்சியார் 1037-லேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கொத்துவதற்குப் பதில் எருவிட்டுச் சருகால் மூடச் சொல்கிறேன். அப்படி மூடினால் வெடிப்பு குறையுமே, பிறகு மண் எப்படித் தன்னை உழும்? நல்ல கேள்வி. அந்த வேலையை மண்புழு எடுத்துக்கொள்கிறது. கலப்பைக்கு முன்பே நிலத்தை உழுதது மண்புழுதான் என்று டார்வின் 1881-லேயே எழுதிவிட்டார். கரையான் வருமே என்றால், வரும். வந்து காய்ந்த சருகைத் தின்று, மண்ணில் துளை போடும். மண்வெட்டி வாங்கியதும் அதற்காகத்தானே? செடித்தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சருகைப் போட்டால் போதும். நீர் தேங்கினால் வேர் அழுகுமே என்பவர்கள் எருவையும் சருகையும் கொட்டி அரையடிக்கு மேட்டுப்பாத்தி கட்டட்டும். 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் பெய்ததுபோல் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டினால், கொத்திய தோட்டம், கொத்தாத தோட்டம் என்ற பேதமே கிடையாது.

ஓரிடத்தில் மட்டும் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். டி.எம்.வி. ரகங்களைத் தந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கும் திண்டிவனத்தில் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, மறந்து பேச முடியாது. பூத்தபின் அதன் விழுது மண்ணுக்குள் இறங்கித்தான் காய்க்கும். இறுகிய களியில் இறங்காது, இறங்கினாலும் பிடுங்கும்போது காய் உள்ளேயே தங்கிவிடும். அதற்குப் பொலபொலப்பான நிலம் வேண்டும். கத்தரி, வெண்டை, மிளகாய், அவரை எதுவும் மண்ணுக்குள் காய்ப்பதில்லை. அவற்றுக்கு இந்தச் சலுகை தேவையில்லை.

தோட்டத்தை மூட வைக்கோல் வேண்டாம், அது மாட்டுக்குப் போகட்டும். வயலில் எரிக்கப்படும் கரும்புச் சோகை, மரக்காணம் பக்கத்துச் சவுக்குச் சருகு, தெருவோர வேப்பஞ்சருகு, எல்லாம் ஆகும். புல்லைப் பிடுங்காமல் அறுத்து, நனைத்து, நாலு விரல் மக்கிய எரு போட்டு, அதன்மேல் ஒரு சாண் சருகு பரப்புங்கள். கோரை எட்டிப் பார்த்தால் மட்டமாக அறுங்கள். கொத்தினால் கிழங்கு சிதறி ஒன்று பத்தாகும். சருகைக் குவித்துத் தீ வைக்கப் போகிறவரைக் கண்டால் உடனே ஒரு சாக்கோடு ஓடுங்கள். ஆடிப்பட்டத்துக்கு முன் பரப்பி முடித்துவிட வேண்டும்.