தறிச்சத்தத்தில் ஒரு தீர்ப்பு

அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்துக்கு மார்க் போட ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. பேச்சு காதில் விழவேண்டும் என்பதுகூட இல்லை. ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி ஓட்டும் என் மாமா இரண்டும் இல்லாமலே தீர்ப்பு எழுதியவர்.

2024 செப்டம்பர் 10, இரவு ஒன்பது மணிக்குக் கமலா ஹாரிஸும் டிரம்பும் ஃபிலடெல்ஃபியாவில் மேடையேறினார்கள். நமக்கு மறுநாள் காலை ஆறரை. மாமா செல்போனை ஜன்னல் கம்பியில் சாய்த்துவிட்டுத் தறியைப் போட்டார். அந்தச் சத்தத்தில் இடியே விழுந்தாலும் கேட்காது. ஆனால் பாவில் அறுந்த இழையைப் பார்த்தே பிடிக்கிற கண் அவருக்கு.

விதிகளை நான் அவர் காதருகே கத்திச் சொன்னேன். அரங்கில் பார்வையாளர் கிடையாது. பதிலுக்கு இரண்டு நிமிஷம். ஒருவர் பேசும்போது மற்றவர் மைக்கை அணைத்துவிடுவார்கள். எழுதி எடுத்துவரக் கூடாது. வெற்றுத்தாள், பேனா, தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான்.

"மைக்கை அணைச்சுருவாங்களா? நம்மூர்ல அதைப் புடுங்கறதுக்கே ரெண்டு பேரு மேடையேறோணுமே!"

கமலா நேராக டிரம்ப் இருந்த இடத்துக்கே போய்க் கை நீட்டினார். மாமா முதல் மார்க்கைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அடுத்தது: "அந்தம்மா அவரையே பாக்குது. அவரு இந்தப் பக்கம் திரும்பவே மாட்டீங்கறாரு. ஏனுங்க மாப்ள, பாக்கி ஏதாச்சும் வெச்சிருக்காரா?"

பிறகு கமலா சிரித்தார். ஏன் என்றார் மாமா. ஓஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறியவர்கள் ஊர்க்காரர்களின் நாய், பூனையைத் தின்கிறார்கள் என்று டிரம்ப் சொன்னதைச் சொன்னேன். மாமா தறியை நிறுத்தினார். நூல் அறாமல் அவர் தறியை நிறுத்தி நான் பார்த்ததில்லை. "இன்னொருக்காச் சொல்லுங்க."

கண்ணால் மார்க் போடுவது மாமா கண்டுபிடித்த முறையல்ல. 1960இல் கென்னடியோடு விவாதிக்க வந்த நிக்சன், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அதிக நாளாகாத வெளுத்த முகமும் வியர்வையுமாக டிவியில் தெரிந்தார்; அவர் பேசியதைவிட அந்த வியர்வையைப் பற்றித்தான் இன்றுவரை எழுதுகிறார்கள். 1992இல் மூத்த புஷ் விவாதத்தின் நடுவே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவரது பதில்கள் மறந்துபோயின, கடிகாரம் நிலைத்துவிட்டது.

மாமாவின் தீர்ப்பு: அந்தம்மா ஜெயிச்சாச்சு. விவாதம் பார்த்தவர்களிடம் சிஎன்என் எடுத்த கணிப்பிலும் 63க்கு 37 என்று கமலாவே முன்னால் நின்றார். தறிப்பட்டறையும் சிஎன்என்னும் ஒத்துப்போனதில் மாமா இரண்டு மாதம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

நவம்பரில் டிரம்ப் ஜெயித்தார்.

நாங்கள் எடப்பாடித் தொகுதி. 2021 தேர்தலுக்கு முன் பழனிசாமியும் ஸ்டாலினும் நேருக்கு நேர் விவாதிக்கத் தயாரா என்று சவால் விட்டுக்கொண்டார்கள், மேடைதான் போடவில்லை. அந்தக் குறை மாமாவுக்கு ரொம்ப நாளாக இருந்தது. அமெரிக்க முடிவு வந்த அன்று தெளிந்துவிட்டார்.

"இப்பத்தான் புரியுது மாப்ள. நம்மாளுங்க வெவரமானவங்க. ஜெயிச்சும் தோக்கற எடத்துக்கு எவன் வருவான்?"