127-க்கு அடுத்தது 128

கீபோர்டின் திரைமேல் சீட்டு வைப்பதை யார் ஆரம்பித்து வைத்தார் என்று தெரிந்தால் நல்லது. அவரிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. போன வாரம் பழவேற்காடு ஏரிப் பக்கம் தோணிரேவில் ஆடித் திருவிழாக் கச்சேரி. அம்மன் பாட்டில் பல்லவி முடிந்து, ஸ்டிரிங்ஸிலிருந்து புல்லாங்குழலுக்கு மாற விரலைக் கொண்டுபோகிறேன். எந்த பேட்ச்சில், அதாவது எந்த வாத்தியத்தின் ஒலியில், இருக்கிறேன் என்று காட்டுவது அந்தச் சின்னத் திரை ஒன்றுதான். அதன்மேல் காலண்டர் தாளின் கிழிசல் ஒன்று வந்து உட்கார்ந்தது. "அண்ணா, குத்துப்பாட்டு. அவசரம்."

குத்துப்பாட்டில் என்ன அவசரம்? ஆம்புலன்ஸா வெளியில் நிற்கிறது?

நீங்களும் கொடுத்திருப்பீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். கச்சேரியில் முன்வரிசை கிடைத்தும் சீட்டு எழுதாத தமிழரை நான் இன்னும் பார்க்கவில்லை.

பாட்டு வரிசைப்படி பேட்ச்சுகளை எப்படி அடுக்கி வைத்துக்கொள்வது என்று, புதிதாக வாசிக்க வரும் பிள்ளைகளுக்கு உருப்படியாக நாலு வார்த்தை சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு வயிற்றெரிச்சல்.

1991-இல் ஜெனரல் மிடி என்று ஓர் ஏற்பாடு வந்தது. எந்தக் கம்பெனி கீபோர்டாக இருந்தாலும் 1 என்றால் பியானோ, 74 என்றால் புல்லாங்குழல் என்று 128 டோன்களுக்கு உலகம் முழுக்க ஒரே வரிசை. நல்ல காரியம்தான். சிதாருக்கு 105-ஆம் இடம். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஊதும் பேக்பைப்புக்கு 110. ஷெனாய் 112-இல் எப்படியோ தொற்றிக்கொண்டது. நாதஸ்வரத்துக்கு இடமில்லை. சரி, நெரிசல் போலிருக்கிறது என்று கடைசிப் பக்கம் போய்ப் பார்த்தால், 123 கடல் அலை. 124 பறவைச் சத்தம். 125 டெலிபோன் மணி. 126 ஹெலிகாப்டர். 127 கைதட்டல். 128 துப்பாக்கி.

ஹெலிகாப்டர்! எந்த அம்மன் பாட்டில், எத்தனையாவது சரணத்தில் ஹெலிகாப்டர் வருகிறது? கடல் அலையைப் பழவேற்காட்டில் கொண்டுபோய் வாசிக்கவா? ஏரிக்கு அந்தப் பக்கம் நிஜக் கடலே இரைந்துகொண்டிருக்கிறது. பறவை என்றால், சீசனில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிற ஏரி இது. என் 124-ஐக் கேட்டால் அவை வேறு ஏரி பார்த்துக்கொள்ளும். ராக்கெட் டோன் ஒன்று வைத்திருந்தாலாவது ஸ்ரீஹரிகோட்டா பக்கத்தில் இருக்கிறது, ஒரு மரியாதைக்கு வாசிக்கலாம். அதுவும் இல்லை. போகட்டும், கைதட்டலுக்கு அடுத்த எண்ணிலேயே துப்பாக்கியை வைக்கிறோமே, நாளைக்கு ஒருத்தன் இதை மேடையில் வாசிப்பானே என்று ஒருவருக்குமா தோன்றவில்லை? ஊர்ப் பெரியவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். கூட்டம் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நாமாவது தட்டுவோம் என்று 127-க்குப் போகிறீர்கள். ஒரு எண் தள்ளிப்போனால் பெரியவர் பொன்னாடையோடு தரையில் படுத்திருப்பார்.

இப்போது வருகிற கீபோர்டுகளில் நம்மூர் டோன்கள் வைக்கிறார்கள், மறுக்கவில்லை. அதெல்லாம் காசுள்ளவர் சமாசாரம். மற்றவர்கள் ஷெனாயை எடுத்து, பிட்ச் பெண்ட் சக்கரத்தை இடது கையால் நெளித்து நெளித்து நாதஸ்வரம் என்று ஒப்பேற்றுகிறோம். நிஜ நாதஸ்வரக்காரர் யாராவது கோயில் வாசலில் நின்றால் நான் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

எங்கே விட்டேன்? பேட்ச். தோணிரேவில் பெண்கள் பனையோலையில் பெட்டி முடைவார்கள். அடுத்த ஓலை எது என்று விரலுக்கே தெரியும். பாதி பெட்டியில் யாராவது வந்து, "அக்கா, இதை அவசரமாக விசிறியாக மாற்றுங்கள்" என்று சீட்டு நீட்டுவார்களா? என்னிடம் நீட்டுகிறார்கள்.

சீட்டு வந்தால் பேட்ச் வரிசை மட்டுமா போகிறது? பாடகர் குரலை மட்டும் எடுத்துவிட்ட மைனஸ் ட்ராக் என்று ஒரு மகாராஜா லேப்டாப்பில் இருக்கிறார். வலது பக்கம் பாட்டு, இடது பக்கம் டக் டக் என்று க்ளிக். அந்த க்ளிக், ரிதம் பேட் வாசிக்கிற தம்பியின் காதுக்கு மட்டும் போக வேண்டும். சவுண்டு செட்டுக்காரர் வயரை மாற்றிச் சொருகினால் ஊருக்கு டக் டக், தம்பிக்குப் பாட்டு. கரண்ட் போனால் இன்னும் விசேஷம். ஜெனரேட்டர் எடுப்பதற்குள் மிக்சர், ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாம் செத்துவிடும். பேட்டரி இருக்கிற லேப்டாப் மட்டும் யாருக்கும் கேட்காமல் வாசித்துக்கொண்டே போகும். வெளிச்சம் வரும்போது ட்ராக் இரண்டாம் சரணத்தில், பாடகர் முதல் சரணத்தில், உயிர் பிழைத்த என் கீபோர்டு 1-ஆம் நம்பர் பியானோவில். ஊர் என்னைத்தான் முறைக்கும்.

மெஷினைக் குறை சொல்லவில்லை. 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரை வைத்து இசையமைத்தார். பிரமாதமாக வந்தது. அந்த ஸ்டுடியோவுக்குள் யாரும் காலண்டர் தாளோடு நுழைந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே பெரியோர்களே, எழுதுங்கள், வேண்டாம் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள். பாட்டு முடிந்ததும் கொடுங்கள். கையில் கொடுங்கள். படத்தின் பெயரையும் எழுதுங்கள். "எங்க மச்சான் நல்லா பாடுவாரு" என்று அவரை மேடையேற்றுவதாக இருந்தால், அவருக்கு எத்தனை கட்டை என்று முன்கூட்டியே கேட்டுச் சொல்லுங்கள். நான் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கி வருவேன். பென் டிரைவில் வருகிற ட்ராக் உங்கள் மச்சானுக்காகத் தானாக அரைக் கட்டைகூட இறங்காது.