ஐம்பத்தைந்து வயதுப் பொருளாதார நிபுணர்

பண்டமாரானில் ஒருவருக்கு ஐம்பத்தைந்து வயது பூர்த்தியாகி, ஊழியர் சேமநிதி வாரியத்தில் சேர்ந்த பணம் அனைத்தையும் எடுத்துக்கொள்ளும் பாத்தியதை சித்தித்தவுடன், அதுகாறும் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அந்தச் சாதுவான பிரகிருதி ஒரே இரவில் பொருளாதார நிபுணராகிவிடுகிறார். மறுநாள் ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்ததும் அவர் எழுப்பும் பிரச்சினை ஒன்றே: பணத்தை ஆலோசகரிடம் ஒப்படைப்பதா, தாமே நிர்வகிப்பதா?

ஆலோசகரென்றால் அவருக்கு உள்ளூரப் பயம். அதற்குச் சரித்திர நியாயமும் உண்டு. 1960இல் துன் சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளி கட்டிய தகப்பனார், பால்மரம் வெட்டிய கையோடு தோட்டத்துக்கே பங்குதாரரானார். 1982இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்சில் நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய சிற்றப்பாவோ, பங்கொன்றுக்கு 80 காசு என்ற விலையைக் காண 2010 வரை காத்திருந்தார். கூட்டுப் பிடிப்பதை 1971ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துவிட்டது. (அத்தைக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.)

ஆகவே பிரிக்பீல்ட்ஸில் உரிமம் பெற்ற நிதித் திட்டமிடுநர் ஒருவர், கட்டணம் சில நூறு வெள்ளி என்றதும், “பேசுறதுக்கா காசு?” என்று நம்மவர் எழுந்துவிட்டார். யூனிட் டிரஸ்ட் விற்கும் அக்காள் மகன், “மாமா, உங்ககிட்ட நான் காசு வாங்குவேனா?” என்றபோதோ கண் கலங்கிப்போனார். ஐம்பதாயிரம் வெள்ளி போட்டால் ஐந்து விழுக்காடு விற்பனைக் கட்டணமாக இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி முதல் நாளே கழிந்துவிடும் என்னும் விஷயம் படிவத்தில் பொடி எழுத்தில் இருந்தது; மூக்குக் கண்ணாடியை அவர் அன்று கொண்டுபோகவில்லை. அவரைக் காத்தவர் மனைவியார். “தம்பி, முதல்ல உங்க அம்மா பணத்தப் போடு. ஆறு மாசம் பாத்துட்டு நாங்க போடுறோம்” என்றார் அந்த அம்மையார். தம்பி அப்புறம் வரவில்லை.

முடிவில் தாமே நிர்வகிப்பதெனத் தீர்மானித்தார். அவர் செய்யும் நிர்வாகம் யாதெனில், பணத்தை வாரியத்திலேயே விட்டுவிட்டு, காலையும் மாலையும் கைத்தொலைபேசியில் இருப்பைத் தரிசிப்பதுதான். வாரியம் சம்பளத்துக்கு அமர்த்திய நிபுணர்கள் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் பாடுபட்டுத் தேடி, 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு இலாப ஈவு அறிவித்த அன்று, “ஆறு புள்ளி மூணு எடுத்துட்டேன்ல!” என்று ஒட்டுக்கடைக்கே தே தாரிக் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது ஐம்பத்துநான்கு வயதுக்காரர்கள் அவரிடம் யோசனை கேட்க வருகிறார்கள். மலேசியாவில் நிதித் திட்டமிடும் தொழிலுக்குப் பங்குப் பத்திர ஆணையத்தின் உரிமம் அவசியம். ஒட்டுக்கடைக்கு அந்த விதி கிடையாது.