அலுமாரி மாஸ்ரர்

செத்த வீட்டுக்கு வருகிறவர்களில் வகையுண்டு. காடாத்துக்கு முன்னம் வந்து நிற்பவர் சொந்தக்காரர். எட்டுச் செலவன்று வருபவர் சாப்பாட்டுக்காரர். அந்தியேட்டி நெருங்க, கல்வெட்டு அச்சடிக்கிறவர் செத்தவரின் கோட்டுப் போட்ட படமொன்று கேட்டு வருவார். கீரிமலையில் எல்லாம் முடித்து, வீட்டுக்காரர் தலை துவட்டி நிமிர்கிற நேரம் படலையடியில் சைக்கிள் ஸ்ராண்ட் தட்டுகிற சத்தம் கேட்டால், அது அலுமாரி மாஸ்ரர்.

குடாநாட்டில் சந்திக்கொருவர் இருக்கிறார். அநேகமாக ஓய்வுபெற்ற வாத்தியார். இல்லாவிட்டால் தபால் கந்தோரிலோ கச்சேரியிலோ இருந்து பென்சன் எடுத்தவர். எங்கள் கொக்குவில் பக்கத்து மாஸ்ரர் வெள்ளை அரைக்கைச் சேட் போடுவார். கரியரில் யூரியாப் பை ஒன்று நாலாக மடித்துக் கட்டியிருக்கும். அந்தப் பை வெறுமையாகத் திரும்பிப் போனதை ஊரில் ஒருவரும் காணவில்லை.

“ஐயாவின்ரை முகம் கண்ணுக்குள்ளையே நிக்குது, பிள்ளை” என்று தொடங்குவார். கண் அதற்குள் விறாந்தையைக் கடந்து அறைக்குள் போய், அலுமாரியின் மேல்தட்டில் ஏறிவிட்டிருக்கும். பிறகு ஒரு பெருமூச்சு. “உந்தக் கடுதாசியளை என்ன செய்யப் போறியள்? கறையான் பிடிச்சால் நிலையிலும் ஏறுமே.” இந்தக் கறையான் பேச்சுக்கு மயங்காத வீடு இல்லை. யாழ்ப்பாணத்தாருக்குப் புத்தகம் போனால் மனவருத்தம், கதவு நிலை போனால் மாரடைப்பு.

நல்ல பருவம் நல்லூர்த் திருவிழாக் காலம். கொடியேறி இருபத்தைந்து நாளும் கனடாப் பிள்ளைகளும் லண்டன் பிள்ளைகளும் ஊரில் நிற்பார்கள். வீடு விற்க வந்தவர்களுக்கு லீவு போதாது. முதிரை அலுமாரிக்கு விலை கேட்டுத் தெரிந்து வைத்திருப்பார்கள். அதற்குள் இருப்பதற்கு விலை உண்டென்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. மாஸ்ரர் சொல்லப் போவதுமில்லை.

அவர் தேடுகிற சாமான்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். 1842இல் வந்த மானிப்பாய் அகராதி. அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் தமிழிலே மருத்துவம் படிப்பிக்கவென்று 1872இல் வெளியிட்ட மனுஷ அங்காதிபாதம். முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதானகோசம், 1902. யாழ்ப்பாணச் சரித்திரம், 1912. இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் மாஸ்ரர் அதை எடுக்கவே மாட்டார். பக்கத்திலிருக்கும் ஓ.எல். சோதனைப் பழைய வினாத்தாள் கட்டை எடுத்துத் தட்டிப் பார்ப்பார். “உது எங்கடை பெட்டைக்கு உதவும்” என்பார். அவருடைய பெட்டைக்கு நாற்பது வயது, சிட்னியில் டொக்டர். வினாத்தாளுக்குக் கீழே ரீடர்ஸ் டைஜெஸ்ற் பத்து, அதற்குக் கீழே வேண்டிய புத்தகம், அதற்குக் கீழே பழைய பஞ்சாங்கம். மொத்தமாக ஒரு விலை.

வீட்டுக்குப் போனதும் முதலில் முகப்புத்தாள், பிறகு ஆண்டு, பிறகு ஒட்டுப் பக்கத்தை மூக்கடியில் வைத்து ஒரு முகர்வு. திருநெல்வேலிச் சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர்களுக்கும் இவ்வளவு கவனம் கிடையாது. வாசிக்கிறாரா என்று கேட்காதீர்கள். வாசிக்கிறவன் புத்தகத்தைப் பழுதாக்குவான் என்பது அவருடைய கட்சி. இரவல் கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாங்கள் எழும்பிப் போகும்வரை துடைப்பார். இப்போது நூலகம் நிறுவனத்தார் பழைய ஏடு எதைக் கண்டாலும் ஸ்கான் பண்ணி உலகத்துக்கே சும்மா கொடுக்கிறார்கள். மாஸ்ரருக்கு அதிலே வயிற்றெரிச்சல். “எல்லாரும் வீட்டிலை இருந்து பாத்தால் பேந்து என்னட்டை ஆர் வருவினம்?” இப்போதும் ஒருவரும் வருவதில்லை என்பதை நான் சொல்லவில்லை.

பொது நூலகத்துப் புத்தகமும் ஒன்று அவரிடம் இருக்கிறது. 1981 மேயில் இரவல் எடுத்தது. ஜூன் நடுப்பகுதியில் கொடுக்க வேண்டிய திகதி முத்திரையில் தெளிவாக விழுந்திருக்கிறது. மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் 97,000 அளவிலான நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. திருப்பிக் கொடுக்க நூலகம் இல்லாமல் போனது. அதைப்பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் வியாபாரம் இராது. 2003இல் திறந்துவிட்டார்களே, கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்றால், “பைன் கட்டிக் கட்டுமோ தம்பி?” என்று பழைய ஆளாகிவிடுவார்.

இப்படிப்பட்டவரின் கையில்தான் போன ஆவணியில் ஒரு துவக்குப் புத்தகம் அகப்பட்டது.

எங்கள் ஊரில் துவக்குக்குப் பஞ்சம் இருக்கவில்லை. துவக்குப் படத்துக்குத்தான் பஞ்சம். தற்காலிக ஏற்பாடு என்ற பெயரோடு 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாகியும் பெயரில் இன்னும் தற்காலிகமாகவே இருக்கிறது. அந்தச் சட்டமும் சுற்றிவளைப்பும் சேர்ந்து வீட்டு அலுமாரிகளுக்குத் தணிக்கை நடத்தின. 1987இல் இந்தியன் ஆமி செக்கிங் வருகிறதென்று கேட்டதும் பெடியளின் கொமாண்டோ சித்திரக் கதைகள் கிணற்றுக்குள் போயின. பள்ளிக்கூடக் கடேற் உடுப்போடு தாத்தா நிற்கிற படம் அடுப்புக்குள் போனது. மிஞ்சினதை 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வு பார்த்துக்கொண்டது. ஆகவே அகராதியைவிட, அங்காதிபாதத்தைவிட, யாழ்ப்பாணத்தில் முழுதாகத் தப்பிய துவக்குப் புத்தகம் அபூர்வம். மாஸ்ரர் அப்படியொன்றைத் தேடியதே இல்லை. இருக்கும் என்று நினைத்திருந்தால்தானே தேடுவதற்கு.

சம்பவம் நடந்த வீட்டில் ஐயா காலமாகி, அம்மாவை மகன் ரொறன்ரோவுக்குக் கூட்டிப் போய்விட்டான். அவன் தனியாக வந்து வீட்டை வெறுமையாக்குகிறான். “எல்லாத்தையும் எடுங்கோ மாஸ்ரர்” என்று சொன்னவன், சாமியறைத் தட்டிலிருந்த தடித்த புத்தகமொன்றையும் தூக்கிப் பைக்குள் போட்டான். மாட்டுத்தாள் உறை. முதுகில் அழகான கையெழுத்தில் ‘கந்தபுராணம், உற்பத்தி காண்டம்’. உறை முழுக்கச் சந்தனமும் குங்குமமும். பழைய வண்ணார்பண்ணைப் பதிப்பாக இருக்குமோ என்று மாஸ்ரரின் கை நடுங்கியதாம். ஆனாலும் முகத்தில் காட்டாமல் பஞ்சாங்கத்துக்குக் கீழே தள்ளினார்.

வீட்டில் உறையைக் கழற்றினால் சூரபன்மனைக் காணவில்லை. இருந்தது மேஜர் ரெனோல்ட்ஸ் எழுதிய ‘த லீ-என்பீல்ட் ரைபிள்’, லண்டன், 1960. ஐயா பள்ளிக்கூடக் காலத்தில் கடேற்றாகத் தியத்தலாவை முகாமுக்குப் போனவர். 1900இல் போவர் கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து அடைத்து வைத்த அதே தியத்தலாவைதான். அங்கே த்ரீ-நொட்-த்ரீ துவக்கைத் தோளில் வைத்த ருசி போகாமல், கொழும்பில் கந்தோர் வேலை பார்த்த காலம் மருதானைப் பழைய புத்தகக் கடையில் இதை வாங்கியிருக்கிறார். கடைக்காரரின் பென்சில் விலை கடைசித் தாளில் இன்னும் கிடக்கிறது. காலம் கெட்டதும் எரிக்க மனமில்லாமல் உறை போட்டு, புராணமாக்கி, சாமிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். எந்த ஆமிக்காரனும் கந்தபுராணத்தை விரித்துப் பார்ப்பதில்லை. எங்கள் ஆட்களும்தான்.

மாஸ்ரர் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு புத்தகத்தை முழுதாக வாசித்தார். அதற்குப் பிறகு ஊருக்கு நிம்மதி இல்லை.

சந்தித் தேத்தண்ணிக் கடையில் பிளேன்ரீ வந்ததும் தொடங்குவார். ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு ஒன்ராறியோவில் குடியேறினவர். “எங்கடை ஆக்களுக்கு முன்னமே போனவர், காணும்.” வாய் .303 அங்குலம். பெட்டிக்குள் பத்து ரவை. கல்கத்தாவுக்குப் பக்கத்து இஷாப்பூரிலும் செய்தார்கள், அவுஸ்திரேலியாவிலும் செய்தார்கள். மார்க் மூன்று 1907இல் வந்தது. 1916இல் அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டார்கள். நட்சத்திரம் கூடினால் விலை கூடுமோ என்று கடைக்காரர் மரியாதைக்குக் கேட்டார். “இல்லைக் காணும்! சண்டை அவசரத்திலை நாலு உறுப்பைக் குறைச்சுச் செய்ததுக்குத்தான் நட்சத்திரம்” என்று மாஸ்ரர் மேசையில் தட்டினார். பிளேன்ரீ ஊற்றுண்டது.

ரொறன்ரோ மகனையும் விடவில்லை. “தம்பி, உங்கை லோங் பிராஞ்ச் எண்ட இடம் தெரியுமோ? உலக யுத்தத்திலை லட்சக்கணக்கிலை நாலாம் நம்பர்த் துவக்கு அங்கைதான் செய்தவங்கள்.”

“தெரியும் மாஸ்ரர். மச்சான் அங்கைதான் கொண்டோ வாங்கினவன். பாக்கிங் பிரச்சினை.”

மனைவிக்கு இந்தப் புதுப் பக்தி பிடிக்கவில்லை. “இஞ்சாருங்கோ, உதாலை நாங்கள் பட்டது காணாதே? வெளியாலை கொண்டு போங்கோ.” மாஸ்ரர் அது சரித்திரம் என்றார். சரித்திரத்தை மாட்டுக் கொட்டிலில் வைக்கச் சொன்னாள் மனுஷி. மாடு விற்று வருஷக் கணக்காகிவிட்டது. கொட்டிலில் ஏற்கெனவே ஐந்நூறு புத்தகம் இருக்கிறது.

சந்தியில் ஓட்டோ வைத்திருக்கிற ஒரு தம்பி இருக்கிறார். ஒரு காலம் இயக்கத்தில் இருந்து, பிறகு புனர்வாழ்வு முடித்து வந்தவர். பேச்சுக் குறைவு. சரியான இரசிகர் இவர்தான் என்று மாஸ்ரர் முடிவுகட்டி, ஒருநாள் பின்சீற்றில் ஏறி, புத்தகத்தை விரித்து முன்னுக்கு நீட்டினார். தம்பி வெற்றிலைத் தட்டை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கவில்லை; ஒரு கையால் ஒரு பக்கத்தைப் பிடித்துப் பார்த்தார்.

“உது நல்ல பாரம், மாஸ்ரர். நாலு கிலோ வரும்.”

“மார்க் மூண்டோ நாலோ?”

“காவேக்கை ஒண்டுதான். எங்கை விட?”

ஐப்பசியில் ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப் அழைப்பு வந்தது. மகன் இல்லை, அம்மா. எண்பத்திரண்டு வயது, குரல் மட்டும் கணீர். சாமியறையில் இருந்த தன்னுடைய கந்தபுராணத்தை மகன் தெரியாமல் கொடுத்துவிட்டானாம். கந்தசஷ்டி வருகுது, கனடா வருகிற ஆரிடமாவது கொடுத்துவிடச் சொன்னா.

மாஸ்ரருக்கு அன்று பின்னேரத் தேத்தண்ணி இறங்கவில்லை. அடுத்த நாள் ரவுணுக்குப் போய்ப் புதுக் கந்தபுராணம் ஒன்று வாங்கினார். புதுப் புத்தகம் காசு கொடுத்து வாங்கியது அவர் சரித்திரத்தில் அதுவே முதல். ஐயாவின் மாட்டுத்தாள் உறையை அதற்கு அளவாக மடித்துப் போட்டு, மங்கின இடங்களுக்குக் குங்குமம் தொட்டு வைத்தார். பிறகு கமராவில் தூக்கிக் காட்டினார்.

“உது அதில்லை மாஸ்ரர்.”

“உறையைப் பாருங்கோ அக்கா. ஐயாவின்ரை கையெழுத்து.”

“உறை சரி. உள்ளை விரியுங்கோ. என்ரையிலை நடுவிலை வேல் படமிருந்தது. வெள்ளிக்கு வெள்ளி நான் பொட்டு வைக்கிறனான். கண் மங்கி எழுத்துத் தெரியாது, ஆனால் வேலை எனக்குத் தெரியும்.”

மாஸ்ரர் கொட்டிலுக்கு ஓடினார். லீ-என்பீல்டை விரித்தார். உண்மைதான். துவக்கின் வாயில் பூட்டுகிற பயனெற், 1907 மாதிரி. அலகு மட்டும் பதினேழு அங்குலம். கறுப்பு வெள்ளைப் படம். நுனியில் கனக்க வெள்ளிக்கிழமைகளின் குங்குமம் பொருக்காக இறுகியிருந்தது. இத்தனை நாளும் அதைப் பழுது என்று எண்ணி, எப்படிச் சுரண்டலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தவர்.

“ஓம், உதுதான்!” என்றா அம்மா, கன்னத்தில் போட்டுக்கொண்டு. “புத்தகம் பாரமெண்டால் வேண்டாம் மாஸ்ரர். அந்தத் தாளை மட்டும் வெட்டி அனுப்புங்கோ. பிறேம் போட்டு வைப்பம்.”

முழுதாகத் தப்பிய புத்தகத்தில் கத்தரிக்கோல் வைப்பதா? வேல் இல்லையென்று எண்பத்திரண்டு வயது மனுஷிக்குச் சொல்வதா? “படம் பழுதாகிப் போமக்கா, நான் நல்லதாய்ச் செய்விச்சு விடுறன்” என்று ஒருவாறு சமாளித்து, அடுத்த நாள் காலை பரமேஸ்வராச் சந்திக்குப் பக்கத்தில் கம்பஸ் பிள்ளைகள் மொய்க்கிற போட்டோக் கொப்பிக் கடைக்குப் போனார். கடைப் பெடியன் விரித்த பக்கத்தையும் மாஸ்ரரையும் மாறிமாறிப் பார்த்தான்.

“அங்கிள், உது கறுப்பு வெள்ளைதானே. சாதாரணக் கொப்பி காணும்.”

“கலர் போடு, தம்பி. பொட்டுச் சிவப்பாய் விழவேணும்.”