சென்று தேய்ந்து இறுதல்: சி.ஏ. ரிவிஷன் புத்தகம் குறித்து ஓர் ஆராய்ச்சி

தமிழில் இலக்கணம் செய்யப்படாத பொருள் அரிது. எந்த விலங்கின் குட்டியை எந்தப் பெயரால் சொல்ல வேண்டும் என்பதற்குக்கூடத் தொல்காப்பியர் மரபியலில் இடம் ஒதுக்கியிருக்கிறார். அப்படியிருக்க, சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் தேர்வு எழுதும் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் சுமந்து திரியும் ரிவிஷன் புத்தகத்தைப் பற்றி ஒரு நூற்பாகூட இல்லாதது நம் புலமை மரபுக்கு இழுக்கு. அதைத் துடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பிரதி: சி.ஏ. இன்டர் எழுதும் என் அக்கா மகனின் ‘அட்வான்ஸ்டு அக்கவுன்டிங்’ ரிவிஷன் புத்தகம். ஒற்றைச் சுவடியை வைத்துக்கொண்டு ஒரு காலகட்டத்தையே எழுதிக்காட்டிய அறிஞர்கள் நம்மிடையே உண்டு என்பதால், சான்று போதாது என்ற ஆட்சேபத்தை முன்கூட்டியே தள்ளுபடி செய்கிறேன். அளவுகோல், பவணந்தி முனிவரின் நன்னூல். 13ஆம் நூற்றாண்டு நூல்தான். ஆனால் நூல் எத்தனை வகை, அதற்கு என்னென்ன குற்றம் வரும், மாணவர் எப்படி எப்படி இருப்பார்கள் என்று அதன் பொதுப்பாயிரம் சொல்வதில் எதுவும் தி.நகர் கோச்சிங் வகுப்புகளில் இன்னும் காலாவதியாகவில்லை.

முதலில் வகைப்பாடு. நூல்கள் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்று. கணக்கியலின் முதல்நூல் 1494இல் வெனிஸ் நகரில் லூகா பாச்சோலி வெளியிட்ட ‘சும்மா’ என்பார்கள் (பெயரே அதுதான், நான் சும்மா சொல்லவில்லை). இரட்டைப் பதிவு முறையை அவர் விளக்கினாரே தவிரக் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே கணக்கு எழுதிவந்த முறையைத்தான் அச்சில் ஏற்றினார். ஆகவே அதுவும் வழிநூலே. நம் நாட்டில் சட்டங்களும் கணக்கியல் தரநிலைகளும் முதல்நூல். அவற்றை வைத்து சி.ஏ. இன்ஸ்டிட்யூட் தயாரிக்கும் ஸ்டடி மெட்டீரியல் வழிநூல். அதை வைத்துக் கோச்சிங் சார் எழுதுவது சார்புநூல். பவணந்தியார் இத்துடன் நிறுத்திக்கொண்டார். கோச்சிங் சார் நிறுத்தவில்லை. அவர் புத்தகத்துக்கு ஒரு ரிவிஷன் புத்தகம், ரிவிஷன் புத்தகத்துக்கு ஒரு சார்ட் புக், சார்ட் புக்குக்கு ஒரு கடைசி நாள் நோட்ஸ், அந்த நோட்ஸை யாரோ ஒரு சீனியர் கையால் சுருக்கி எழுதியதன் ஜெராக்ஸ் என்று சார்பின் சார்பாக அது இறங்கிக்கொண்டே போகிறது. படிக்குப் படி பக்கம் குறைகிறது. விலை அந்த வேகத்தில் குறைவதாகத் தெரியவில்லை.

இனி பிரதியின் தோற்றம். புத்தகத்தை மூடி, தைத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். அதில் விரல் அழுக்கால் ஆன ஒரு பட்டை தெரியும். படித்த பகுதி எவ்வளவு என்பதற்கு இதைவிட நம்பகமான ஆவணம் கிடையாது. மாணவர் வீட்டில் சொல்லும் கணக்கை இதனோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளலாம். என் அக்கா மகனின் பிரதியில் முதல் அங்குலம் கரும்பழுப்பு. அடுத்த பகுதி சாம்பல் நிறம். அதன்பின் கடைசி அட்டை வரை அச்சகத்திலிருந்து வந்த வெண்மை.

உள்ளே திறந்தால் முதல் வெற்றுத் தாளில் நிற அட்டவணை ஒன்று வரைந்திருக்கிறான்: மஞ்சள் என்றால் முக்கியம்; பச்சை என்றால் மிக முக்கியம்; இளஞ்சிவப்பு என்றால் ஏற்கெனவே தேர்வில் கேட்டது; ஆரஞ்சு என்றால் புரியவில்லை. முதல் அத்தியாயம் கணக்கியல் தரநிலைகளுக்கு ஓர் அறிமுகம். அதில் மஞ்சள் படாத வரியைத் தேட வேண்டியிருக்கிறது. ஆசிரியரின் நன்றியுரையிலேயே இரண்டு வரி மஞ்சள். மூன்றாம் அத்தியாயத்தில் பச்சையும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பெயரில்லாத ஒரு நிறம் பிறக்கிறது. ஓரத்தில் “இது வரும்!!!” என்று மூன்று ஆச்சரியக்குறியோடு ஒரு குறிப்பு. (வரவில்லை.) கடைசியில் கிளைக் கணக்குகள், அதிலும் வெளிநாட்டுக் கிளைகள். அந்தப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தபோது சத்தம் வந்தது.

நூலுக்கு வரும் குற்றங்கள் பத்து என்று பட்டியலிடுகிறது நன்னூல். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று தொடங்கும் அந்தப் பட்டியலை ரிவிஷன் புத்தகத்தோடு ஒப்பிட்ட எவருக்கும் திகைப்பு வரும். குன்றக் கூறல் குற்றம் என்கிறார் பவணந்தியார். குன்றக் கூறுவதற்குத்தான் இந்தப் புத்தகத்துக்கே காசு. கூறியது கூறலும் குற்றமாம்; அட்டையிலேயே ‘ரிவிஷன்’ என்று போட்டுவிட்டு அதைச் செய்யாமல் இருக்க முடியுமா? இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தால் ஒன்பதாவது குற்றத்தில் கை நிற்கிறது: சென்று தேய்ந்து இறுதல். ஆரம்பத்தில் ஓங்கி, போகப் போகத் தேய்ந்து, ஒன்றுமில்லாமல் முடிவது. நூலுக்குச் சொன்ன இந்தக் குற்றம் சி.ஏ. படிப்பில் நூலை விட்டுவிட்டு வாசகரைப் பிடித்துக்கொண்டது என்பதே இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு. புத்தகம் கடைசிப் பக்கம் வரை ஒரே சீராகத்தான் இருக்கிறது. தேய்கிறவன் படிப்பவன்.

மாணவர் வகைக்கு வருவோம். அன்னமும் பசுவும் தலை; மண்ணும் கிளியும் இடை; ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி நான்கும் கடை. அன்னம் இன்ஸ்டிட்யூட் மெட்டீரியலிலிருந்து பாலை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு முதல் அட்டெம்ப்டிலேயே பறந்துவிடும் என்பதால் அதைப் பற்றி ஆராய ஒன்றுமில்லை. ஆடு, ஒரே தாளுக்கு மூன்று சாரின் புத்தகம் வாங்கி ஒவ்வொன்றிலும் நுனிக் கொழுந்தை மேய்கிறவர். எருமை, தேர்வுக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் “கய்ஸ், இந்த அமெண்ட்மெண்ட் நமக்கு அப்ளிகபிளா?” என்று கேட்டு மொத்தக் குளத்தையும் கலக்குகிறவர். நெய்யரியின் வேலை நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது. சார் சொன்ன ஜோக் நினைவிருக்கும், எந்தப் பிரிவுக்குச் சொன்னார் என்பது இருக்காது. என் அக்கா மகன் எந்த வகை என்று எழுதினால் அக்கா வீட்டில் எனக்குக் காபி கிடைக்காது.

இவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் நிறுத்துவது ‘ஒன்றரை நாள்’. ஒரு தாள் மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. நடுவில் பெரும்பாலும் ஒரு நாள். அடுத்த தாள் மதியம் இரண்டு மணிக்கு. இந்த இடைவெளிக்குள் பாடம் முழுவதையும் ஒரு முறை புரட்டிவிட வேண்டும். ரிவிஷன் புத்தகத்தின் பருமன் இந்த ஒன்றரை நாளைக் கணக்கிட்டு அமைக்கப்படுவது என்று ஆசிரியர்கள் முன்னுரையில் சொல்வார்கள். புரட்டுவதற்குச் சரிதான், படிப்பதற்கு அல்ல.

நெருக்கடியில் மாணவர்கள் பாடத்தின் கொள்கைகளைப் பாடத்தின் மீதே ஏவுகிறார்கள். காஸ்டிங் தாளில் கிடங்குச் சரக்கை மதிப்பு வாரியாகப் பிரிக்க ஏ.பி.சி. பகுப்பாய்வு என்ற முறை உண்டு. அதைக் கொண்டு அத்தியாயங்களைப் பிரித்து, சி வகையைக் கிடங்கிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆடிட்டிங்கில் எஸ்.ஏ. 530 என்ற தரநிலை, எல்லாவற்றையும் சோதிக்க முடியாதபோது மாதிரி எடுக்கலாம் என்கிறது. இதை மாணவர் உலகம் ஆவலோடு ஏற்றுக்கொண்டது. தொகுதியில் உள்ள ஒவ்வொன்றும் தேர்ந்தெடுக்கப்பட வாய்ப்பு இருக்க வேண்டும் என்று அதே தரநிலை விதிப்பதை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. கன்சாலிடேஷன் அத்தியாயத்துக்கு அப்படியொரு வாய்ப்பு எப்போதாவது கொடுக்கப்பட்டதுண்டா?

ஹைலைட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013இல் உளவியலாளர் ஜான் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டார்கள். கோடிடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயன் தருபவை என்று தேறின. தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பதும், நாள் இடைவெளி விட்டுப் படிப்பதும் மிகுந்த பயன் தருபவை. காலக்கணக்கும் ஒன்று உண்டு: ஆர். சிவபோகம் இந்தியாவின் முதல் பெண் கணக்காளராகத் தேறியது 1933இல். ஸ்டாபிலோ பாஸ் ஹைலைட்டர் சந்தைக்கு வந்தது 1971இல். மஞ்சள் மை இல்லாமலும் தேறலாம் என்று இதிலிருந்து யாரேனும் வாதிட்டால், அப்போது ஜி.எஸ்.டி. இல்லை என்று மாணவர் தரப்பு பதில் சொல்லும். அதுவும் உண்மைதான்.

ஆனால் டன்லாஸ்கிக்கு முன்பே இந்தக் கணக்கைப் பவணந்தியார் முடித்துவைத்திருக்கிறார். ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் புலமையில் கால் பங்குதான் வரும். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, கற்றதைப் பிறருக்கு விரித்துச் சொல்வதால். கால், கால், அரை: கூட்டினால் ஒன்று. ஐந்தொகை இரு பக்கமும் சமமாகி ஏடு மூடப்பட்டது. இதில் ரிவிஷன் புத்தகத்துக்கு என்று ஒரு பங்கும் ஒதுக்கப்படவில்லை. சல்லிக்காசு மிச்சமில்லை.

அப்படியானால் அது எதற்கு? இந்தக் கேள்வியை அக்கா என்னைவிடச் சுருக்கமாகக் கேட்டார். ஸ்டடி லீவில் ஒருநாள் காலை, மகன் கையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு,

“ஏன்டா, எப்பப் பாரு ரிவிஷன் ரிவிஷன்ங்கிற. முதல்ல எப்படா படிச்சே?”

“ஃபர்ஸ்ட் ரிவிஷன்தாம்மா படிக்கிறது.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன். பிறகு அவன் என்னிடம் தனியாகச் சொன்னான்: “மாமா, மெட்டீரியலத் திறந்தா எவ்ளோ பாக்கின்னே தெரியாது. பயமா இருக்கும். இதுன்னா இவ்ளோதான்னு கையில பிடிச்சுப் பாத்துக்கலாம்.”

உரையாசிரியர் எவரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. தேர்வின் விதிகளைப் பார்த்தால் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் 40 வேண்டும். மூன்று தாள் சேர்ந்த குரூப்பின் மொத்தத்தில் பாதி வேண்டும். மூன்று தாளிலும் 40, 40, 40 வாங்கியவர் ஒவ்வொரு தாளிலும் தேறி, 150 வேண்டிய இடத்தில் 120 என்று மொத்தத்தில் தோற்பார். 80, 80, 39 வாங்கியவர் மொத்தத்தில் 199 எடுத்தும் அந்த 39ஆல் தோற்பார். அந்த இரண்டு 80களுக்கும், மறுபடி எழுத வேண்டாம் என்ற எக்ஸெம்ப்ஷன் மட்டும் கையில் வரும். இன்டரிலும் ஃபைனலிலும் இப்படி இரண்டிரண்டு குரூப். போதாக்குறைக்கு, இன்ஸ்டிட்யூட் பிறந்த 1949இல் அரவிந்தர் வழங்கிய சின்னத்தில் கருடன் இருக்கிறது. அதிலுள்ள கடோபநிஷத வாசகம், எல்லோரும் உறங்கும்போது விழித்திருப்பதைப் பற்றியது. மாணவர்கள் அதை அப்படியே கடைப்பிடிக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவனுக்குப் பக்க எண் போட்ட ஒரு பொருள் கையில் வேண்டும். பயத்தைப் பக்கமாக எண்ணிவிடலாம் என்றால் அதற்குக் கொடுக்கும் விலை அதிகமில்லை. ஆக, ரிவிஷன் புத்தகத்தை நூல் என்று கொள்வது பிழை. காப்புக்கயிறு என்று கொள்க.

வரிப் புத்தகத்துக்கு மட்டும் காப்பின் ஆயுள் குறைவு. ஆண்டுதோறும் நிதிச் சட்டம் வந்து அதைத் திருத்தும். இப்போதோ 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டமே 536 பிரிவுகள் கொண்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 முதல் இடம்விட்டிருக்கிறது. பிரிவு எண்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்களின் துயரம் தனி ஆய்வுக்குரியது. பழைய பதிப்புகளை ஜூனியர்களுக்குக் கொடுக்க முடியாது. பழைய பேப்பர்காரர் மட்டும் எந்தத் திருத்தத்தையும் பார்க்காமல் எடைபோடுகிறார்.

தேய்மானத்துக்கு மாற்று உண்டா என்று ஒரு சோதனையும் செய்தோம். அடுத்த அட்டெம்ப்டுக்குப் புதிய பதிப்பை வாங்கி, கடைசி அத்தியாயத்திலிருந்து முதல் அத்தியாயம் நோக்கிப் படிக்கும்படி அவனிடம் சொன்னேன். கீழ்ப்படிந்தான். இப்போது அழுக்குப் பட்டை புத்தகத்தின் கடைசி அங்குலத்தில் இருக்கிறது. வெளிநாட்டுக் கிளைக் கணக்கு முழுவதும் மஞ்சள். நடுப்பகுதி இரண்டு பதிப்பிலும் வெள்ளை.

இந்த ஆய்வைப் பொய்யாக்கக்கூடிய சான்று ஒன்றே ஒன்று: பட்டை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நிறமாக ஓடும் ஒரு ரிவிஷன் புத்தகம். வாசகர்களில் யாரிடமாவது அப்படியொரு பிரதி இருந்தால் ஒருநாள் கடனாகத் தர வேண்டுகிறேன். அழுக்கைத் துடைக்காமல் தரவும்.